முழுநேரமா போட்லயே குடியிருக்கலாம்னு பாக்குறோம், எந்த மாதிரி போட் வாங்கலாம்?

பொங்கோல்_மாறன்:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா மனசுல அரிச்சிக்கிட்டு இருக்குற விஷயம். ஆபீஸ்ல சொன்னா சிரிக்கிறாங்க, சொந்தக்காரங்ககிட்ட சொன்னா "கடன் ஏதும் ஆயிருச்சாப்பா"ன்னு மெதுவா கேக்குறாங்க, அதான் இங்க வந்துட்டேன்.

எனக்கு வயசு 52, வீட்டம்மாவுக்கு 49. பையன் என்எஸ் (தேசிய சேவை) முடிச்சிட்டு மெல்பர்ன்ல படிக்கப் போயிட்டான். சிங்கப்பூர் பொங்கோல்ல நாலு ரூம் எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) வீடு, அஞ்சு வருஷம் கட்டாயம் குடியிருக்கணும்ங்கற எம்ஓபி எப்பவோ முடிஞ்சாச்சு. அதை வாடகைக்கு விட்டுட்டு ஒரு போட் வாங்கி அதுலயே இருந்துடலாம்னு யோசனை. சனி ஞாயிறு கூட்டாளிங்களோட போயி பார்பெக்யூ போடுறதுக்கு இல்ல, தூங்குறது சமைக்கிறது காலையில குளிச்சிட்டு வேலைக்குக் கிளம்புறது எல்லாமே அங்கதான். ஆபீஸ் ஹார்பர்ஃப்ரண்ட் பக்கம், இன்னும் ஆறேழு வருஷம் ஓட்டணும், அதுக்கப்புறம் மெதுவா லங்காவி, பூக்கெட்னு கரையோரமாவே போகலாம்னு ஆசை. எஞ்சின் போட் ஓட்டுறதுக்கான பிபிசிடிஎல் லைசென்ஸ் போன வருஷமே எடுத்துட்டேன்.

கையில ஒன்றரை லட்சம் வெள்ளி. சிபிஎஃப்பை (சேமநிதி) வீட்டுக்கு எடுக்கலாம் போட்டுக்குத் தொட முடியாது, அதனால இது முழுக்க கைக்காசு, தப்பா வாங்கிட்டா திரும்ப சேக்குற வயசும் இல்ல.

இப்ப மூணு ஆப்ஷன்ல நிக்கிறேன். ஒண்ணு 40 அடி மோனோஹல் (ஒரே ஹல், அதாவது ஒரே அடி உடம்பு) பாய்மரம், இருபது வருஷம் பழசு, நல்லா பாத்துக்கிட்டிருக்காங்க. ரெண்டாவது 38 அடி கேட்டமரான் (ரெண்டு ஹல்), பட்ஜெட்டுக்கு ரொம்ப மேல போகுது, தம்பிகிட்ட கைமாத்து வாங்கணும், ஆனா உள்ள போயி நின்னா ஹால் மாதிரி இருக்கு, வீட்டம்மாவுக்கு பாத்ததும் புடிச்சிருச்சு. மூணாவது ஒரு பழைய கிராண்ட் பேங்க்ஸ் 42, டிராலர் டைப், பாய் கிடையாது, ரெண்டு டீசல் எஞ்சின். யூடியூப்ல ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க, எல்லாரும் மெடிட்டரேனியன்ல உக்காந்துக்கிட்டு சொல்றாங்க. நம்ம ஊர்ல இருந்து பாத்தவங்க யாராச்சும் சொல்லுங்க.


தேக்கா_புள்ள:

அண்ணே, வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்னு சொன்னவங்க போட்டைப் பத்தி ஏன் சொல்லலன்னா, வாங்கினவன் யாரும் திரும்பி வந்து சொல்ற நெலமையில இல்ல 😂

சும்மா. ஒண்ணு மட்டும் சீரியஸா, வீட்டை முழுசா வாடகைக்கு விட்டா எச்டிபி அனுமதி வாங்கணும் (உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்), அதோட சொத்து வரியும் ஓனர் குடியிருக்குற ரேட்ல இருந்து போயிரும், 12 சதவீதத்துல இருந்து ஆரம்பிக்கும். வாடகை முழுசும் போட்டுக்குன்னு கணக்குப் போட்டிருந்தீங்கன்னா அங்க ஒரு ஓட்டை இருக்கு.

அப்புறம் கேட்டமரான்ங்கற பேரே நம்ம கட்டுமரத்துல இருந்து போனதுதான், தம்பிகிட்ட கைமாத்து கேக்கும்போது பாரம்பரியம்னு சொல்லிப் பாருங்க. என்ன, நம்ம ஆளு நாலஞ்சு கட்டையைக் கயித்தால கட்டி அலையில போனான், அவன்கிட்ட பெர்த் (போட் கட்டுற எடம்) வாடகை யாரும் கேக்கல.


கெப்பல்_காத்து:

மாறன் அண்ணே, நானும் என் மனைவியும் 41 அடி மோனோஹல்ல ஆறு வருஷமா இருக்கோம், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

நீங்க எந்த போட்னு கேக்குறீங்க. நான் திருப்பிக் கேக்குறது, எங்க கட்டப் போறீங்க? மாடு வாங்குறவன் முதல்ல கட்டுத்தறிக்கு எடம் இருக்கான்னு பாப்பான்ல, இங்க எல்லாரும் மாட்டைப் புடிச்சிக்கிட்டு வந்து நடுரோட்ல நிக்கிறாங்க. சிங்கப்பூர்ல எங்கயாவது ஓரமா நங்கூரம் போட்டுட்டு வருஷக்கணக்கா இருந்துடலாம்ங்கறதெல்லாம் நடக்காத கதை, உலகத்துலயே ரொம்ப பிஸியான துறைமுகத்துக்குள்ள நிக்கிறோம். மரினாவுல (சின்ன போட் நிறுத்துற துறை) பெர்த் எடுத்தாத்தான் உண்டு, மரினாவும் விரல் விட்டு எண்ணுற அளவுதான், கெப்பல் பே, செந்தோசா கோவ்ல ஒன் ஃபிப்டீன், துவாஸ்ல ராஃபிள்ஸ் மரினா, வெஸ்ட் கோஸ்ட்ல யாட் கிளப். இதுல போட் நிறுத்தி வைக்கிறது வேற, அதுலயே தங்கி குடியிருக்குறது வேற. குடியிருக்க விடுவாங்களா, விட்டா எத்தனை பேர், அதுக்குத் தனி சார்ஜா, கரண்டு தண்ணி மீட்டர் எப்படி, எல்லாத்தையும் ஈமெயில்ல எழுத்துல வாங்கிட்டு அப்புறம் போட் பாக்கப் போங்க. வாய்ல "பரவால்ல லா, வாங்க"ன்னு சொன்னதை நம்பி ஒருத்தர் போட் வாங்கி, மூணு மாசம் பெர்த் பெர்த்தா அலைஞ்சதை நான் கண்ணால பாத்திருக்கேன்.

உங்க ஆபீஸ் ஹார்பர்ஃப்ரண்ட்ங்கறதால கெப்பல் பே கெடைச்சா நடந்தே போயிரலாம். ராஃபிள்ஸ் மரினான்னா துவாஸ் லிங்க் எம்ஆர்டி கிட்டத்துலதான், ஆனா தீவோட அந்த முனையில இருந்து தினமும் வரணும். மலேசியாப் பக்கம் ஜோகூர்ல புத்ரி ஹார்பர்ல சீப்பா கட்டிக்கிட்டு ரெண்டாவது பாலம் வழியா வேலைக்கு வரலாம்னு ஒரு ஐடியா எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்துச்சு, ஒரு மாசம் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கிட்டு வந்து பாத்தேன், ஐடியா போயிருச்சு.

இப்ப கேட்டமரானுக்கு வர்றேன். லகூன் 380ன்னு ரொம்ப பரவலா ஓடுற மாடல் ஒண்ணு, நீளம் 11.55 மீட்டர்தான், ஆனா அகலம் 6.53. என் போட் அகலம் நாலு மீட்டரைச் சுத்தி. மரினாக்காரன் கண்ணுக்கு உங்க கேட்டமரான் ஒண்ணரை போட், சில எடத்துல ரெண்டு போட், பில்லும் அப்படித்தான் வரும், அதை விட முக்கியம், அந்த அகலத்துக்குத் தோதான பெர்த்தே கொஞ்சம்தான். வாங்குற வெலை ஒரு தடவை வலி. பெர்த் மாசாமாசம் வலி. எஞ்சின் ரெண்டு, அடிப்பக்கம் பெயிண்ட் ரெண்டு ஹல்லுக்கு, டிராவல் லிஃப்ட்ல தூக்கணும்னா அந்த அகலத்தைத் தாங்குற லிஃப்ட் எங்க இருக்குன்னு முதல்ல பாக்கணும். நாளைக்கு வேலையை விட்டுட்டு கடலோடப் போறவங்களுக்கு அது அருமையான போட், நங்கூரம் போட்ட எடத்துல ஆடாது, ஆழம் ஒண்ணேகால் மீட்டர் கூட வேணாம். ஆனா அடுத்த ஆறேழு வருஷம் நீங்க ஓடப் போறதில்ல, கட்டிக் கெடக்கப் போறீங்க. அந்த வருஷங்களுக்குத்தான் இப்ப போட் வாங்குறீங்க.

கட்டிக் கெடக்குற வாழ்க்கையில வேற பிரச்சினை வரும். வெயில் முதல்ல. காத்தே அடிக்காத ஏப்ரல் மே மதியத்துல மரினா தண்ணி கண்ணாடி மாதிரி நிக்கும், உள்ள இட்லி குண்டான்தான். மோனோஹல்ல பாதி ரூம் தண்ணி மட்டத்துக்குக் கீழ இருக்குறதால கொஞ்சம் தேவலை, கேட்டமரானோட அந்த ஹால், உங்க வீட்டம்மாவுக்குப் புடிச்ச அதே ஹால், சுத்தி கண்ணாடி, பன்னெண்டு மணிக்கு மேல பாத்துட்டு வரச் சொல்லுங்க. எதை வாங்கினாலும் டெக்குக்கு மேல நல்ல பந்தல் ஒண்ணு தைச்சுப் போடுங்க, ஏர்கானை விட அது முதல்ல.

அடுத்தது சுமாத்ரா காத்து. விடியக்காலை நாலு மணிக்கு மேக்க இருந்து கருப்பா வரும், மணிக்கு 40ல இருந்து 80 கிலோமீட்டர் வரைக்கும் இழுக்கும், ஒரு மணி ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிரும். பிளாட்ல இருக்கும்போது ஜன்னலை மூடிட்டுத் திரும்பிப் படுப்போம், இங்க எழுந்து ஜட்டியோட போயி கயித்தைப் பாக்கணும். மின்னலும் அப்படித்தான், உலகத்துலயே அதிகமா மின்னல் விழற எடங்கள்ல ஒண்ணுல நாம இருக்கோம், மரினான்னா நூறு மாஸ்ட் (பாய் கட்டுற கம்பம்) வானத்தைப் பாத்து நிக்குது. எங்க வரிசையில ஒரு போட்ல விழுந்து ரேடியோ, ஜிபிஎஸ், ஆட்டோபைலட் எல்லாம் ஒரே நொடியில போச்சு, ஆளுக்கு ஒண்ணும் ஆகல. இன்ஷூரன்ஸ்ல மின்னல் சேந்திருக்கான்னு பாருங்க.

நல்லதும் சொல்லணும்ல. ராத்திரி எல்லா சத்தமும் அடங்கினதுக்கு அப்புறம் ஹல்லுல காதை வச்சா சட்டியில கடுகு பொரியிற மாதிரி ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். முதல் ராத்திரி நான் பயந்துட்டேன், ஏதோ ஷார்ட் சர்க்யூட்னு டார்ச் எடுத்துக்கிட்டு வயர் வயரா தேடினேன். அது ஒரு சின்ன இறால், கொடுக்கைச் சொடுக்குற சத்தம், நம்ம தண்ணியில லட்சக்கணக்குல இருக்கு. இப்ப அது இல்லாம எனக்குத் தூக்கம் வராது.


மீனா_கடலோரம்:

அண்ணே, ஆம்பளைங்க எல்லாரும் பாய், எஞ்சின்னே பேசுவீங்க, அண்ணிக்காக நான் பேசுறேன். நாங்க நாலு வருஷம் இருந்துட்டு போன வருஷம்தான் கரையேறினோம் (மாமியாருக்கு உடம்பு முடியல, வேற காரணம் இல்ல).

போட் பாக்கப் போகும்போது அண்ணியைக் கூட்டிட்டுப் போயி அடுப்புக்கு முன்னாடி இருபது நிமிஷம் நிக்க வைங்க. வெங்காயம் நறுக்குற மாதிரி, தாளிக்கிற மாதிரி. தல இடிக்குதா, கை எங்க போகுது, புகை எங்க போகுது. நம்ம சமையல்ல தாளிச்சா அந்த வாடை மெத்தை, தலகாணி, பாய் வச்சிருக்குற லாக்கர் வரைக்கும் போயிரும், சமையல் எடத்துக்கு மேலயே தெறக்குற மாதிரி ஒரு ஹேட்ச் (கூரைக் கதவு) இல்லாத போட்டை வாங்காதீங்க. நான் கருவாடு வறுக்குறதுக்கு மட்டும் பின்னாடி காக்பிட்ல ஒரு சின்ன அடுப்பு வச்சிருந்தேன், பக்கத்து போட் வெள்ளைக்காரர் முதல்ல முறைச்சாரு, அப்புறம் தட்டோட வந்தாரு.

கேஸ் விஷயத்துல விளையாடாதீங்க. எல்பிஜி காத்தை விட கனம், வீட்ல லீக் ஆனா ஜன்னல் வழியா போகும், போட்ல கீழ எறங்கி பில்ஜ்ல (போட்டோட அடிப்பள்ளம்) தேங்கி நிக்கும், ஒரு பொறி போதும். சிலிண்டர் வெளிய தனி லாக்கர்ல இருக்கணும், அந்த லாக்கருக்கு அடியில ஓட்டை இருந்து வாயு கடலுக்குப் போகணும். நாங்க கடைசியில இண்டக்‌ஷனுக்கே மாறிட்டோம், மரினாவுல 230 வோல்ட் கரண்டு கெடைக்குது, எதுக்கு வம்பு.

படி. உள்ள எறங்குற அந்த ஏணிப்படியை யாரும் பேச மாட்டாங்க. ஒரு நாளைக்கு நாப்பது தடவை ஏறி எறங்குவீங்க, 52ல சரி, 60ல? எங்க அம்மா மோனோஹல்லுக்கு ஒரே ஒரு தடவை வந்தாங்க, எறங்கினதும் மேல ஏற முடியல, பின்னாடி நின்னு தள்ளி ஏத்தினோம், அப்புறம் நாங்கதான் அவங்க வீட்டுக்குப் போறது. இந்த ஒரு விஷயத்துல அந்த டிராலர் டைப் நல்லது, ஹால் மேல் மட்டத்துலயே இருக்கும், பெரிய ஜன்னல், பக்கவாட்டுல கதவு.

டாய்லெட் பத்தி ஒரு வார்த்தை. கழிவு டேங்க் எத்தனை லிட்டர், எங்க பம்ப் பண்ணி எடுக்குறாங்கன்னு கேளுங்க, மரினாவுக்குள்ள தொறந்து விடவே கூடாது. நாங்க பகல்ல முக்காவாசி மரினா டாய்லெட், மரினா ஷவர்தான், அதனால பெர்த்ல இருந்து பாத்ரூம் எத்தனை நிமிஷ நடைன்னும் பாருங்க, மழையில விடிகாலை ரெண்டு மணிக்கு அந்தத் தூரம் ரொம்ப நீளம்.

பூஞ்சைக்குத் தயாரா இருங்க. பட்டுப்புடவை, கல்யாண ஆல்பம், லெதர் செருப்பு எதையும் எடுத்துட்டுப் போகாதீங்க. டிஹ்யூமிடிஃபையர் ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கணும்.


பொங்கோல்_மாறன்:

கெப்பல் அண்ணே, மீனாம்மா, ரொம்ப நன்றி. படிச்சிட்டு அப்படியே உக்காந்துட்டேன். கட்டுத்தறி விஷயம் உண்மையாவே நான் யோசிக்கல, போட் வாங்கிட்டா மரினாவுல எடம் குடுப்பாங்க, காருக்கு சீசன் பார்க்கிங் மாதிரின்னு நெனச்சேன். வீட்டம்மா மீனாவோட பதிலை மட்டும் ரெண்டு தடவை படிச்சாங்க.

அப்ப கேட்டமரான் இப்போதைக்கு ஓரமா வைக்கிறேன் (தம்பிக்கும் நிம்மதி). மீதி ரெண்டுல? அந்த கிராண்ட் பேங்க்ஸ் மேல மனசு போகுது, நம்ம ஊர்ல கட்டினதுன்னு புரோக்கர் சொல்றாரு, உண்மையா? இன்னொண்ணு, 2030க்கு அப்புறம் டீசல் போட்டே ஓட்ட முடியாதுன்னு ஒருத்தர் பயமுறுத்துறாரு. அப்புறம் லங்காவியில மோனோஹல் ஒண்ணு 1,30,000 வெள்ளி கணக்குல வருது, அங்க வாங்கி இங்க கொண்டு வந்தா லாபமா?


முத்துநகர்_மெக்கானிக்:

அண்ணாச்சி வணக்கம். நான் தூத்துக்குடிக்காரன், இங்க பதினாலு வருஷமா போட் யார்டுல வேலை. அப்பா தோணி கட்டுத ஆசாரி, அதனால மரத்தோடயே வளந்தவன்.

புரோக்கர் பொய் சொல்லல. அந்தக் கம்பெனி ஹாங்காங்ல ஆரம்பிச்சு அப்புறம் சிங்கப்பூர்ல யார்டு போட்டாங்க, இப்ப கட்டுதது ஜோகூர்ல பாசிர் கூடாங்ல. 1973 வாக்குல மரத்தை விட்டுட்டு ஃபைபருக்கு மாறினாங்க, அதனால நீங்க பாக்குதது எந்த வருஷம்னு முதல்ல கேளுங்க. மரம்னா வேண்டாம். நான் சொல்லுதேன், மரத்தை உசுரா நெனக்கிறவன் சொல்லுதேன், வேண்டாம். இந்த வெதுவெதுன்னு கெடக்குத தண்ணியில கப்பல்புழு விழுந்தா உள்ளுக்குள்ள தேன்கூடு மாதிரி தின்னுரும், வெளிய பெயிண்ட் பளபளன்னு இருக்கும். ஊர்ல தோணிக்கு வருஷா வருஷம் கரையேத்தி கலப்பத்து அடிக்க ஆளு இருக்கு, பஞ்சைத் திணிச்சு எண்ணெய் பூசி அடைக்க தெரிஞ்ச கை இருக்கு. இங்க அந்தக் கையைத் தேடி எங்க போவீங்க?

ஃபைபர்னா பாருங்க. ஆனா மேல் தளத்துல தேக்குப் பலகை ஸ்குரூ போட்டு முடுக்கியிருக்கான்னு பாத்துக்கிடுங்க. பழைய போட்ல அது ஆயிரம் ஸ்குரூ, அதாவது ஆயிரம் ஓட்டை, ஒவ்வொண்ணுலயும் தண்ணி எறங்கி நடுவுல இருக்குத கோர் மக்கிக் கெடக்கும். பாக்க அழகா இருக்கும். அழகுக்குத்தான் காசை அழுவீங்க.

எந்த போட்டா இருந்தாலும் தண்ணியில மெதக்கும்போது வெலை பேசி முடிச்சிராதீங்க. சர்வேயரை நீங்க புடிங்க, விக்கிறவரு கூட்டிட்டு வர்ற ஆளு வேண்டாம். யார்டுல தூக்கி வைக்கச் சொல்லுங்க. சின்ன சுத்தியலால ஹல்லைத் தட்டிக்கிட்டே வரணும், தேங்கா வாங்கும்போது தட்டிப் பாக்குத மாதிரியேதான், கணீர்னு கேட்டா நல்லது, பொத்துன்னு கேட்டா உள்ள விட்டுப் போச்சு. அடியில கொப்புளம் கொப்புளமா இருக்கா பாருங்க, நாலஞ்சு இருந்தா பேரம் பேச நல்லது, அம்மை போட்ட மாதிரி இருந்தா வந்த வழியே திரும்பிருங்க. தண்ணி உள்ள வர்ற வால்வு எல்லாத்தையும் லேசா சுரண்டிப் பாக்கணும். பித்தளையில உள்ள துத்தநாகம் கரைஞ்சு போச்சுன்னா உலோகம் ரோஸ் கலருக்கு வந்துரும், கையால முறிச்சா பிஸ்கட் மாதிரி முறியும். போட் மூழ்குதது புயல்ல இல்ல அண்ணாச்சி, இந்த மாதிரி ஒரு வால்வு ராத்திரி தூங்கும்போது புட்டுக்கிட்டுத்தான் மூழ்குது.

பாய்மரம்னா மாஸ்ட்டைப் புடிச்சிருக்குத கம்பி எப்ப மாத்தினாங்கன்னு பில்லு கேளுங்க. பத்து பன்னெண்டு வருஷம் தாண்டியிருந்தா புதுசு போட வேண்டியதுன்னு கணக்குல வச்சுக்கோங்க, இன்ஷூரன்ஸ்காரனும் அதைத்தான் முதல்ல கேப்பான். இருபது வருஷ போட், கம்பியும் இருபது வருஷம்னா அந்தக் காசை வெலையில இருந்து கழிங்க.

எஞ்சின் காலையில நீங்க போறதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வச்சிருந்தா சந்தேகப்படுங்க. குளிர்ந்து கெடக்கும்போது நீங்க நிக்க ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. ரெண்டு எஞ்சினுன்னா ஒரு எஞ்சினுக்கு செய்த வேலை எல்லாம் ரெண்டு தடவை. அது நல்ல போட்தான், நான் கொறை சொல்லல. ஆனா நீங்க அசையாம கட்டிப் போடப் போறீங்க, ரெண்டு டீசல் எஞ்சினு ஓடாம கெடந்தா ஓடி தேயுததை விட சீக்கிரம் கெட்டுப் போவும், டீசல் டேங்குல தண்ணி சேந்து பாசி மாதிரி புடிச்சு ஃபில்டரை அடைக்கும்.

வேலைச்செலவுக்கு வருஷத்துக்கு போட் வெலையில பத்துல ஒரு பங்குன்னு யார்டுல பேசிக்கிடுவாங்க, பழசுன்னா கூடவே வைங்க. அனோடுக் கட்டியை (மத்த உலோகத்தை அரிக்க விடாம தான் கரையுத கட்டி) ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது பாக்கணும், மரினா கரண்டுல எப்பவும் செருகிக் கெடக்குத போட்டுக்கு அது சீக்கிரம் கரையும், அந்த அரிப்பைக் கொறைக்குத கேல்வானிக் ஐசோலேட்டர் ஒண்ணு போட்டிருங்க, சின்னச் செலவு. அடியில சிப்பி ஒட்டுதது இங்க ரொம்ப வேகம், டைவர் மாசாமாசம் எறங்கிச் சுரண்டணும்.


கெப்பல்_காத்து:

முத்துநகர் அண்ணாச்சி சொன்ன வால்வு மேட்டர் நூத்துக்கு நூறு. நான் வாங்கின முதல் வருஷமே எட்டையும் மாத்தினேன், ரெண்டு என் கையோடவே வந்துருச்சு.

2030 பத்தி. அது புது போட்டுக்கு. 2030ல இருந்து துறைமுகத்துக்குள்ள ஓட்டப் புதுசா வர்ற ஹார்பர் கிராஃப்ட் (துறைமுக வேலைப் படகு), ப்ளஷர் கிராஃப்ட் (நம்மளோட மாதிரி சொந்த போட்) எல்லாம் முழு எலக்ட்ரிக்கா இருக்கணும், இல்லன்னா பி100 பயோஃப்யூல் (கலப்பில்லாத உயிரி எரிபொருள்) தாங்கணும், இல்லன்னா நெட் ஜீரோ எரிபொருளுக்கு ஒத்து வரணும்னு துறைமுக ஆணையம் (எம்பிஏ) 2023ல சொன்னாங்க. இப்பவே லைசென்ஸ்ல இருக்குற பழசை அன்னைக்கே தூக்கிப் போடச் சொல்லல. ஆனா விக்கும்போது வாங்குறவன் இதே பயத்தைச் சொல்லித்தான் வெலை கொறைப்பான், அதையும் மனசுல வைங்க. ரெண்டு பெரிய டீசல் எஞ்சினை நம்பி நிக்கிற போட்டுக்கும், பாயும் ஒரு சின்ன எஞ்சினும் உள்ள போட்டுக்கும் அந்த விஷயத்துல வித்தியாசம் உண்டு.

லங்காவி வெலை பாக்க சுகமா இருக்கும், டியூட்டி ஃப்ரீ தீவு. இங்க கொண்டு வந்து வச்சிக்கணும்னா 9 சதவீதம் ஜிஎஸ்டி, உங்க 1,30,000க்கு 11,700 வெள்ளி. அதோட மலாக்கா நீரிணை முழுக்க எறங்கி வரணும், ராத்திரியில வெளக்கு இல்லாத மீன் வலை, இழுவைப் படகு, கூட்டமா கப்பல். உங்க பிபிசிடிஎல்லை வச்சு அதைச் செய்ய நினைக்காதீங்க, டெலிவரி ஸ்கிப்பர் ஒருத்தருக்கும் காசு வைங்க. கூட ஒரு ஆளா நீங்களும் வாங்க, நாலஞ்சு நாள்ல அந்த போட்டைப் பத்தி எந்த சர்வேயரும் சொல்லாதது தெரியும்.

என்னைக் கேட்டா, லங்காவிக்குப் போங்க, ஆனா வாங்க இல்ல. அங்க ஒரு 38, 40 அடி போட் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து ரெண்டு பேரும் இருந்து பாருங்க. அதுலயும் மூணு நாள் எங்கயும் ஓடாம மரினாவுல கட்டிப் போட்டு இருங்க. லேப்டாப் எடுத்து வச்சு வேலை பாருங்க, மழை பெய்யட்டும், துணி காயப் போடுங்க, சண்டை போடுங்க. சண்டை போட்டுட்டு போயி உக்கார வேற ரூம் இருக்கான்னு பாருங்க. எங்களுக்கு இல்ல. நான் டெக்குல போயி உக்காந்துப்பேன், மழை வந்தா சமாதானம்.


பொங்கோல்_மாறன்:

முடிவு சொல்லிட்டுப் போறேன். இன்னைக்கு மதியம் ரெண்டு மரினாவுக்கு ஈமெயில் போட்டுட்டேன், 40 அடி, நாலு மீட்டர் அகலம், ரெண்டு பேர் முழுநேரம் தங்குவோம்னு எழுதி. அடுத்த மாச ஸ்கூல் லீவு முடிஞ்சதும் லங்காவியில ஒரு வாரம். போட் பாக்குறதை அதுவரைக்கும் நிறுத்தி வைக்கிறேன். புரோக்கர் நாளைக்கு ஒரு நாள்தான் இந்த வெலைன்னு மெசேஜ் மேல மெசேஜ் போடுறாரு.

வீட்டம்மா ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்காங்க. மத்ததெல்லாம் விட்டுடுவாங்களாம், இட்லி மாவு அரைக்கிற கிரைண்டர் கண்டிப்பா வருமாம். மிக்ஸியும் சேத்து.


முத்துநகர்_மெக்கானிக்:

கிரைண்டர் பரவால்ல அண்ணாச்சி, டேபிள் மேல வைக்கிறது 150 வாட் தான் வரும். மிக்ஸிதான் 750 வாட், பேட்டரியில ஓட்டுனா 12 வோல்ட்ல அறுபது ஆம்பியருக்கு மேல இழுக்கும். மரினா கரண்டுல இருக்கும்போது அரைச்சுக்கச் சொல்லுங்க. கிரைண்டர்ல ஒரு விஷயம், கல்லு எத்தனை கிலோ? அதை வைக்க எடம் முடிவு பண்ணிட்டு சொல்லுங்க, ஒரு பக்கமா சாயாம இருக்க எதிர்ப்பக்கம் எதை வைக்கணும்னு சொல்லுதேன்.